வாய் தெரிகிற அளவுக்கு ஒரு டிவி

உங்கள் வீட்டில் அப்பாவும் அம்மாவும் சண்டை போட்டால் சத்தம் வருமா? எங்கள் வீட்டில் வராது. ராஜபாளையத்தில் எங்கள் தெருவில் எங்கள் அப்பா அம்மாவுக்குத் தங்கமான ஜோடி என்று பெயர். ‘ஒரு நாளாச்சும் அந்த வீட்ல சத்தம் கேட்டிருக்கமா?’ என்று மற்ற வீட்டுப் பெண்கள் தங்கள் புருஷன்மார்களை எங்களைக் காட்டித் திட்டுவார்கள். உள்ளே வந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் தங்கத்தின் லட்சணம். இரண்டு பேரும் அடுப்படியில் எதிரெதிரே நின்று, கண்ணை உருட்டி, உதட்டை இழுத்து, வாயைக் கோணி, ஒரு பொட்டுச் சத்தம் இல்லாமல் ஒருவரை ஒருவர் நாறடித்துக்கொண்டிருப்பார்கள். எல்லா வீட்டிலும் இப்படித்தான் என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன். கூடப் படித்த பிள்ளை வீட்டில் முதல்முறை சத்தமாக ஒரு சண்டையைக் கேட்டபோது, யாரோ செத்துவிட்டார்கள் என்று பயந்து வீட்டுக்கு ஓடி வந்துவிட்டேன்.

விஷயம் இதுதான். இரண்டு பேரும் ஒரே நூல் மில்லில் வேலை பார்த்தவர்கள். அம்மா வைண்டிங்கில், அதாவது நூலைக் கோனில் சுற்றும் பகுதியில். அப்பா ஃபிட்டர். அங்கே மெஷின் ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் காதுக்குள் வந்து கத்தினாலும் கேட்காது. அதனால் மில்லுக்காரர்கள் கத்துவதே இல்லை. உதட்டைப் பெரிதாக அசைத்துப் பேசுவார்கள், எதிரே இருப்பவர் பார்த்துப் புரிந்துகொள்வார். இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடிக்கு, சாப்பிட்டாச்சா, மேஸ்திரி வாரான், உன் சேலை நல்லா இருக்கு, எல்லாமே உதட்டில்தான். இவர்கள் கல்யாணப் பேச்சை ஆரம்பித்ததே அப்படித்தானாம். ‘கட்டிக்கிடுதியா?’ என்று அப்பா மெஷினுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டிருக்கிறார். அம்மா மட்டும் பார்த்திருந்தால் பரவாயில்லை. வரிசையில் நின்ற அத்தனை பேரும் பார்த்துவிட்டார்கள்.

இதை யாரும் ஒரு திறமை என்று நினைத்ததில்லை. மூக்கால் மூச்சு விடுவதை யாராவது திறமை என்பார்களா? அதுதான் பின்னால் வந்த எல்லாக் கூத்துக்கும் காரணம்.

அம்மாவின் காது கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. மில்லை விட்டு நின்றபோது பக்கத்தில் வெடி போட்டால் திரும்புவாள், அம்புட்டுதான். காதில் மாட்டும் மெஷின் ஒன்று வாங்கிக் கொடுத்தார்கள். அது எப்போதும் விசில் அடித்தது. இரண்டே நாளில் கழற்றி வைத்துவிட்டாள். ஆனால் எங்களோடு பேசுவதற்கு அவளுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. மூஞ்சியைப் பார்த்துச் சொன்னால் போதும், பதில் வந்துவிடும். அதுவும் எப்படிப்பட்ட பதில்!

எங்கள் வீட்டுக்கு டிவி வந்தது எண்பதுகளின் கடைசியில். பதினாலு இன்ச், கறுப்பு வெள்ளை. கொடைக்கானல் டவரைப் பார்த்து ஆன்டெனாவைத் திருப்பி வைப்போம், மலையில் இருந்து இறங்கி வரும் குரங்கு அதைப் பிடித்துத் தொங்கிவிட்டுப் போகும். வெள்ளிக்கிழமை பாட்டு, ஞாயிற்றுக்கிழமை படம். எதிர்வீட்டு அக்கா முதல் ஆளாக வந்து உட்கார்ந்துவிடும். வீட்டில் தெலுங்கு பேசும், எங்களிடம் தமிழ், டிவியிடம் இரண்டும்.

இந்த டிவியில் மனுஷன் தலை ஒரு எலுமிச்சம்பழ அளவு. வாய் எங்கே தெரியும்? அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்து பார்த்தாள். கிட்டே போனால் படம் புள்ளி புள்ளியாக ஆனது. பின்னால் இருந்து அக்கா, ‘மதினி, மறைக்கி!’ என்று கத்தும். அது அம்மாவுக்குக் கேட்காது என்பதால் எழுந்து வந்து தோளைத் தட்டும். அம்மா நகர்ந்து உட்கார்ந்து என் கையைச் சுரண்டுவாள்.

‘ஏட்டி, என்ன சொல்லுதான்?’

‘தங்கச்சிக்குக் கல்யாணமாம்.’

‘அதுக்கு எதுக்கு அழுதான்?’

‘பொறவு சொல்றேம்மா.’

ஒரு படம் மூன்று மணி நேரம். அம்புட்டையும் ஒருவர் திருப்பிச் சொல்ல முடியாது, அதைப் புரிந்துகொள்ளாத ஆளும் இல்லை அவள். முதலில் கேள்விகள் குறைந்தன. அப்புறம், படம் போடும் நேரத்தில் சரியாக அவளுக்கு அரிசி புடைக்கிற வேலை வந்தது. நாங்கள் முன்னறையில் சிரித்துக்கொண்டிருப்போம், அம்மா அடுப்படியில் இருப்பாள். மில்லில் ஒரு ஷிப்டையே சிரிக்க வைத்தவள் என்று அப்பா சொல்வார். அவரால் இதைத் தாங்க முடியவில்லை. எப்படியாவது அவளை முன்னறைக்குத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பது அவருக்கு வைராக்கியமாகவே ஆகிவிட்டது.

அப்பா யோசித்தார். ஃபிட்டர் யோசித்தால் ஏதாவது ஒன்றைக் கழற்றி மாட்டாமல் விடமாட்டார். ‘சினிமா கொட்டகைக்குப் போனா நல்லாத்தான சிரிக்கா? அங்க சத்தம் ஜாஸ்தி, அதான் கேக்குது’ என்று ஒரு முடிவுக்கு வந்தார். மைக் செட் கடையில் இருந்து பழைய ஸ்பீக்கர் பெட்டி இரண்டு வாங்கி வந்தார். ஆளுயரம். அதை அந்தப் பதினாலு இன்ச்சோடு மாட்டிப் போட்டார். தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் செய்தி கேட்டார்கள். எதிர்வீட்டு அக்கா காதைப் பொத்திக்கொண்டு வந்து, ‘அண்ணே, ஊருக்கே கேக்குது, மதினிக்குக் கேட்டுச்சா?’ என்றது. அம்மா ஸ்பீக்கர் மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு, ‘நல்லா அதிருது’ என்றாள். அவ்வளவுதான் பலன்.

கொட்டகையில் அவள் திரையில் பெரிதாகத் தெரிந்த வாயைப் பார்த்துத்தான் சிரித்தாள் என்பது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை. அவளுக்கே உறைக்கவில்லை. மில்லுக்காரிக்குக் கண்ணும் காதும் தனித்தனி இல்லை.

உறைத்தது ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில். நான் எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். புரட்டாசி சனிக்கிழமை, அந்த ஊருக்குப் பக்கத்தில் திருவண்ணாமலை என்றே பெயருள்ள குன்றுக்குப் போய்ப் பெருமாளைப் பார்த்துவிட்டு, நெற்றியில் நாமமும் கையில் துளசியுமாக மூன்று பேரும் ஊருக்குத் திரும்ப பஸ்ஸுக்காக நின்றோம். கூட்டமான கூட்டம். எதிரே புதிதாக ஒரு டிவி கடை. கண்ணாடிக் கதவு, உள்ளே ஏசி. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு டிவி இருந்தது பாருங்கள், சத்தியமாக எங்கள் வீட்டுப் பீரோ கதவு அளவுக்கு எனக்குத் தெரிந்தது. இருபத்தொன்பது இன்ச், கலர். பஸ்ஸுக்கு நின்ற கூட்டம் மொத்தமும் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. ஏதோ காமெடி ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடி மூடியிருந்ததால் ஒரு சத்தமும் வெளியே வரவில்லை. எல்லாரும் ஊமைப் படம் பார்ப்பது மாதிரி வாயைப் பிளந்துகொண்டு நின்றோம்.

அப்போது அம்மா சிரித்தாள். சாதாரணச் சிரிப்பு இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, துளசியைக் கீழே போட்டுவிட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அந்தக் கூட்டத்தில் சிரித்தது அவள் ஒருத்திதான். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நாமம் போட்ட ஒரு பெரியவர் கேட்டார். ‘என்ன தாயி, என்ன சொல்லுதான் அவன்?’

‘வீட்டுக்காரர் வாடகை கேட்டு வந்திருக்காரு. இவன் சன்னல் வழியா தலைய நீட்டி, நான் வீட்ல இல்லீங்க, எப்ப வருவேன்னு தெரியலீங்கங்கான்.’

கூட்டம் ஒரு நொடி விட்டுச் சிரித்தது. ‘பொறவு? பொறவு என்ன சொல்லுதான்?’ என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அம்மா சொல்லிக்கொண்டே வந்தாள். ராஜபாளையம் பஸ் வந்து போனது. எங்கள் பஸ்தான். ஏறலாமா என்று நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் பஸ்ஸையும் பார்க்கவில்லை, டிவியையும் பார்க்கவில்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, சத்தம் இல்லாமல், உதட்டால் மட்டும் சொன்னார். ‘வாயி தெரியணும். அம்புட்டுதான்.’

உள்ளே போய் விலை கேட்டோம். சிரிக்காதீர்கள், அப்பாவின் ஒரு வருஷச் சம்பளத்தைக் கொடுத்தாலும் பக்கத்தில் போக முடியாது. அப்பா, ‘சரி தம்பி’ என்று சொல்லிவிட்டு ஏசியில் இன்னும் செத்த நேரம் நின்றார். கடைக்காரருக்கு முப்பது வயது இருக்கும். வெளியே அம்மா கதை சொன்னதை அவர் பார்த்திருந்தார். எதற்காக இவ்வளவு பெரிய டிவி என்று கேட்டார், அப்பா சொன்னார். அந்த மனுஷன் அன்றைக்கே எங்களுக்குத் தவணை அது இது என்று சொல்லி ஒன்றைத் தலையில் கட்டியிருக்கலாம். அப்பா இருந்த நிலையில் தலையாட்டியிருப்பார்.

‘வாங்காதீங்க அண்ணாச்சி’ என்றார் அவர். ‘இது இப்பத்தான் வந்திருக்கு. இதவிடப் புதுசா ஒன்னு வரும். அன்னைக்கு இதோட வெலை உடையும். அதுவரைக்கும் பொறுத்துக்கோங்க.’

‘எப்ப வரும்?’

‘அது எனக்குத் தெரிஞ்சா நான் ஏன் ஸ்ரீவில்லிபுத்தூர்ல கட வச்சிருக்கேன்?’

அந்த வார்த்தையை நம்பிக் காத்திருந்தோம். எப்படிக் காத்திருந்தோம் என்றால், வருஷா வருஷம் புரட்டாசியில் பெருமாளைப் பார்ப்போம், அப்புறம் அந்த டிவியைப் பார்ப்போம். அப்பா இரண்டு இடத்திலும் ஒரே மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். கடைக்காரர் விலையைச் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டுவார், இன்னும் இல்லை என்று. அம்மாவுக்கு ஸ்டூல் போட்டு உட்கார வைப்பார், அரைமணி நேரம் அவள் பார்ப்பாள். ஒரு வருஷம் நாங்கள் போனபோது ஒரு பால்கோவாப் பொட்டலம் பிரித்து வைத்திருந்தார். வாங்க வராத கஸ்டமருக்குப் பால்கோவா கொடுக்கும் கடை உலகத்தில் வேறெங்காவது உண்டா? அண்ணே, நீங்கள் இதைப் படிப்பீர்களா என்று தெரியவில்லை. நன்றி.

நடுவில் அப்பா சும்மா இருந்தாரா? மதுரைக்குப் போய், டிவிக்கு முன்னால் மாட்டினால் படம் பெரிதாகும் என்று ஒரு பிளாஸ்டிக் லென்ஸ் தகடு வாங்கி வந்தார். மாட்டினோம். படம் பெரிதாகத்தான் ஆனது, நடுவில் மட்டும். செய்தி வாசித்த அம்மாளின் மேல் உதடு ஒரு பக்கமும் கீழ் உதடு ஒரு பக்கமும் ஓடின.

அம்மா உற்றுப் பார்த்தாள். ‘இந்தப் பிள்ளைக்குப் பல்லு வலியா?’

அந்தத் தகட்டைப் பரணில் ஏற்றினார் அப்பா. பத்தாவது, பன்னிரண்டாவது, காலேஜ் என்று நான் ஏறிக்கொண்டே போனேன். கேபிள் வந்தது, சேனல்கள் குவிந்தன, தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் கலர் வந்தது. எங்கள் வீட்டில் அதே எலுமிச்சம்பழத் தலைகள். ‘சின்னதா ஒரு கலர் வாங்குங்களேன்’ என்று யாராவது சொன்னால் அப்பா ஒத்துக்கொள்ளவே மாட்டார். ‘சின்னது எதுக்கு? அவ வாசிக்கணும்’ என்பார். இடையில் எனக்கு காலேஜ் பீஸ் கட்ட வேண்டி வந்தபோது டிவிக்கு என்று வைத்திருந்ததை எடுத்து என் கையில் கொடுத்தது அம்மா. அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு சண்டை நடந்தது, சத்தம் இல்லாமல். அம்மா ஜெயித்தாள். அந்த டிகிரிதான் இன்றைக்கு என்னை இப்படித் தடதடவென்று டைப் அடிக்க வைக்கிறது.

போன வருஷம் புரட்டாசியில் கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் தலையை ஆட்டவில்லை. எழுந்து நின்றார். ‘வந்துருச்சு அண்ணாச்சி’ என்றார்.

கண்ணாடிக்குப் பின்னால் புதிதாக ஒன்று இருந்தது. முகப்பு வளையாமல் பலகை மாதிரித் தட்டையாக இருந்தது. ஃபிளாட்டாம். காசுள்ளவர்கள் எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். முகம் உப்பிய பழைய மாடல்கள் ஓரத்தில் நின்றன, சீண்ட ஆள் இல்லை. விலை சொன்னார். அப்பா இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். எங்களுக்கு எட்டும் விலைதான். ஃபிளாட் வாங்கிய ஐயாமார்களே, அம்மாமார்களே, உங்கள் ஒவ்வொருவருக்கும் என் கும்பிடு. நீங்கள் மட்டும் பழசே போதும் என்று இருந்திருந்தால் எங்கள் கதி என்ன?

மினி லாரியில் வந்து இறங்கியது. நான்கு பேர் தூக்கினார்கள். டிவிக்கு என்று சுவரில் அப்பா அடித்து வைத்திருந்த பலகையில் அதன் பின்பக்கம்கூட உட்காரவில்லை. கடைசியில் இரும்புக் கட்டிலைச் சுவரோடு தள்ளி அதன்மேல் வைத்தோம். டிவி கட்டிலில், நாங்கள் தரையில். தெருவே வந்துவிட்டது. நடுவில் அம்மா, அவளுக்கு மட்டும் நாற்காலி. புதுச் சேலை வேறு. அப்பா பித்தானை அமுக்கினார்.

அந்த நேரத்தில் எல்லா வீட்டிலும் ஓடுவது ஒரு புராண சீரியல். ராஜா ஒருவர் மூஞ்சி முழுக்கத் திரையை நிறைத்துக்கொண்டு பேசினார். மீசை மயிர் ஒவ்வொன்றும் தெரிந்தது. வாய், பல், நாக்கு எல்லாம் தெரிந்தன. நாங்கள் டிவியைப் பார்க்கவில்லை, அம்மாவைத்தான் பார்த்தோம்.

அம்மாவின் நெற்றி சுருங்கியது. முன்னால் குனிந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். எதிர்வீட்டு அக்கா தாங்காமல், ‘மதினி, என்ன சொல்லுதாரு?’ என்று கேட்டது. அம்மா அப்பாவைப் பார்த்து உதட்டை மட்டும் அசைத்தாள். சுற்றி இருந்தவர்களுக்குப் புரியக்கூடாது என்றுதான் அப்படிச் சொன்னாள். எனக்குப் புரிந்தது.

‘ஒன்னும் வெளங்கல. எனக்கு மறந்துபோச்சு போல.’

எழுந்து உள்ளே போய்விட்டாள். அப்பாவின் மூஞ்சியை அன்றைக்கு நீங்கள் பார்த்திருக்கக் கூடாது. எத்தனை புரட்டாசி! அவர் டிவியின் ஓரமாகப் போய்ப் பின்னால் எட்டிப் பார்த்தார். ஏதாவது ஒயரைப் பிடுங்கிப் பார்க்கலாம் என்று தேடினார், பாவம். தெருக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சீரியல் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. யாரும் எழுந்து போகவும் இல்லை, அப்படிப் போனால் நன்றாக இருக்காது என்று.

சீரியல் முடிந்து செய்தி போட்டான். வந்தவர்களுக்கு அம்மா காபித் தட்டோடு வந்தாள். நிலைப்படியில் கால் வைத்தவள் அப்படியே நின்றாள். திரையில் செய்தி வாசிக்கும் பெண், பிசிறில்லாமல், நேராக எங்களைப் பார்த்து வாசித்துக்கொண்டிருந்தார்.

‘பெட்ரோல் வெல ஏறுதாம்’ என்றாள் அம்மா.

உட்கார்ந்திருந்தவர்கள் அவளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

‘தென் மாவட்டத்துல ரெண்டு நாளைக்கு மழையாம். ஏட்டி, வத்தலு மாடில காயுது, ஓடு!’

நான் எங்கே ஓடுவது? காபித் தட்டை அவள் கையில் இருந்து அப்பா வாங்கிக்கொண்டார், கண் அவள்மேலேயே இருந்ததில் தட்டெல்லாம் காபி. எதிர்வீட்டு அக்காதான் தலையில் அடித்துக்கொண்டு சொன்னது. ‘அய்யய்யோ மதினி, அந்த ராசா பேசுனது ஹிந்தி! வடக்க எடுத்தது. தமிழ்க் குரல மேல ஒட்டி விட்டிருக்கான்.’

மில்லில் யாரும் ஒருத்தர் வாயில் இன்னொருத்தர் பேசியதில்லை. அது அம்மாவுக்குப் பிடிபடக் கொஞ்ச நேரம் ஆனது. பிடிபட்டதும் வந்தது பாருங்கள் ஒரு கோபம். ‘அதான பாத்தேன்! அவன் வாயி ஒரு பக்கம் போகுது, ஒங்க மூஞ்சி ஒரு பக்கம் போகுது. எனக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சோன்னு பயந்துட்டேன். களவாணிப் பய!’ எந்த ராஜாவும் எங்கள் தெருவில் அம்புட்டுத் திட்டு வாங்கியதில்லை.

அதற்கப்புறம் வீடு தலைகீழ். ஒரு படத்தில் கதாநாயகி புருஷன் காலைப் பிடித்துக்கொண்டு கதறுகிறாள், தெருப் பெண்கள் அத்தனை பேரும் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு அழுகிறார்கள், அம்மா மட்டும் சிரிக்கிறாள். என்னவென்று கேட்டால், ‘அவ எங்க அழுதா? ஒன்னு, ரெண்டு, மூணு, நாலுன்னு எண்ணிக்கிட்டு இருக்கா. தமிழ் தெரியாத பிள்ள போல’ என்றாள். கொட்டகையில் படம் பார்த்த காலத்திலேயே இப்படி எண்ணுகிறவர்களைக் கவனித்திருக்கிறாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். ‘ஒங்களுக்கும் தெரியும்னு நெனச்சேன்’ என்கிறாள்.

ஆனால் தெருவே வரிசையில் வந்து உட்கார்வதற்குக் காரணம் வேறு. படத்தில் சென்சார்காரன் கெட்ட வார்த்தை வருகிற இடத்தில் சத்தத்தை வெட்டிவிடுகிறான் இல்லையா? வாயை அவன் வெட்டுவதில்லை. சண்டைக் காட்சியில் வில்லன் ஏதோ சொல்லிச் சத்தம் நின்றதும் எல்லாத் தலையும் அம்மா பக்கம் திரும்பும்.

‘மதினி, மதினி! என்ன சொன்னான்?’

‘சீ! பொம்பளப் பிள்ளைய வச்சுக்கிட்டு அதெல்லாம் சொல்ல முடியாது.’

‘அவ காலேஜே முடிச்சுட்டா, சொல்லுங்க.’

அம்மா கொஞ்சம் பிகு பண்ணுவாள். அப்புறம் அக்காவைப் பார்த்து உதட்டை மட்டும் அசைப்பாள். அக்கா, ‘அய்யய்ய ராமா!’ என்று தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழில் சிரித்து முடிக்கும். அது காதும் காதும் வைத்த மாதிரி வரிசையின் கடைசி வரைக்கும் போகும். அப்பா எதுவும் கேட்காதவர் போலச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பார், தோள் மட்டும் குலுங்கும்.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, படம் ஆரம்பித்துவிட்டது. முன்னறையில் எனக்கு உட்கார இடமில்லை.